முதல் இரவுக்கு எது: மண் குடிசையா, மலைப் பொந்தா, பலகை வீடா?

பிளாக்குகளை (கட்டங்களை) உடைத்து அடுக்கி ஆடுகிற வீடியோ கேம் மைன்கிராஃப்டில் புது உலகம் திறக்கும்போது சூரியன் கிழக்கே அப்போதுதான் எழுந்திருக்கும். அதிலிருந்து 10 நிமிடம் பகல். பிறகு ஒன்றரை நிமிடம் அந்தி, 7 நிமிடம் இரவு, மறுபடி ஒன்றரை நிமிடம் விடியல். ஆகமொத்தம் ஒரு நாள் 20 நிமிடம். இருட்டினால் அரக்கர்கள் வருவார்கள். ஆகவே சர்வைவல் என்ற உயிர்பிழைக்கும் ஆட்டமுறையில் புதிதாக இறங்குகிற எல்லோருக்கும் வருகிற சந்தேகம், இந்தப் பகலுக்குள் எதைக் கட்டி ஒளிவது என்பது. எதைக் கட்டினாலும் பிழைத்துவிடலாம் என்பதால், நான் வேறொரு கணக்கு வைத்துத்தான் தேர்வு செய்வேன்: அந்த 7 நிமிட இருட்டில் என்ன செய்யப் போகிறோம்? தூங்கிக் கடத்தப் போகிறோமா, உள்ளே இருந்தபடி வேலை பார்க்கப் போகிறோமா, சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரப் போகிறோமா?

பாதுகாப்பு என்று மட்டும் எடுத்துக்கொண்டால் எல்லா வழியும் ஏறக்குறைய ஒன்றுதான். நான்கு பக்கமும் தலைக்கு மேலேயும் அடைத்த ஒரு சின்ன இடம் போதும். அது மண்ணா கல்லா என்று ஜோம்பிக்குக் கவலையில்லை. அது மரக் கதவை உடைப்பதுகூட ஹார்ட் என்ற கடின நிலையில் மட்டும்தான். சிலந்தி சுவர் ஏறும், ஆகவே கூரை இல்லாத சுவரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆனால் சிலந்தியின் உடம்பு ஒரு பிளாக்கைவிட அகலமானது. ஒரு பிளாக் சந்துக்குள் அதனால் நுழைய முடியாது. நுழையக்கூடியது குட்டி ஜோம்பி. அது ஒரு பிளாக் உயரம்கூட இல்லை, ஓட்டமோ பெரிய ஜோம்பியைவிட வேகம். தரையோடு ஒட்டி ஓட்டை விடாதீர்கள். மூச்சு முட்டுமோ என்ற பயம் வேண்டாம், இந்த விளையாட்டில் அடைத்த அறைக்குள் எத்தனை நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். கிரீப்பர் என்பது பக்கத்தில் வந்து சீறி வெடிக்கிற அரக்கன். அது உங்களைப் பார்த்தால்தான் சீறும். நடுவே சுவர் இருந்தால் அது வெளியே அலைந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான்.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பழைய குறிப்புகள் பலவும் இதில் காலாவதியாகிவிட்டன. 2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்புக்கு முன்பு, டார்ச் வெளிச்சம் 7 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே அரக்கர்கள் பிறப்பார்கள். இப்போது அது சுத்தமாகப் பூஜ்ஜியம் ஆனால்தான் பிறப்பார்கள். ஒரு டார்ச்சின் வெளிச்சம் 14. ஒவ்வொரு பிளாக் தள்ளும்போதும் ஒன்று குறையும். அதனால் முதல் இரவுக் குடிலுக்கு ஒரே டார்ச் தாராளம். இன்னொன்று: உங்களிடமிருந்து 24 பிளாக் தூரத்துக்குள் அவர்கள் பிறப்பதே இல்லை. அதாவது டார்ச் இல்லாமல் கும்மிருட்டில் உட்கார்ந்திருந்தாலும், நீங்கள் உள்ளே இருக்கும்வரை உங்கள் அறைக்குள் எதுவும் முளைக்காது. ஆபத்து நீங்கள் வெளியே போய்த் திரும்பும்போதுதான். இருட்டாக விட்டுப்போன அறையில் யாராவது குடியேறியிருக்கலாம்.

சரி, இனி தேர்வுக்கு வருவோம். என் கணக்கில் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது, பக்கத்தில் ஆடு மேய்கிறதா என்பதுதான்.

மூன்று கம்பளி, மூன்று பலகை சேர்ந்தால் ஒரு படுக்கை. கத்தரி இருந்தால் ஓர் ஆட்டிலிருந்தே ஒன்று முதல் மூன்று கம்பளி வரை எடுக்கலாம், ஆனால் கத்தரிக்கு இரும்பு வேண்டும். முதல் நாள் காலையில் இரும்புக்கு எங்கே போவது? ஆட்டை அடித்தால் தலைக்கு ஒரு கம்பளி, கூடவே இறைச்சி. ஆக மூன்று ஆடு. கணினியில் ஆடுகிற ஜாவா பதிப்பில் மூன்று கம்பளியும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். இரண்டு வெள்ளை, ஒரு கறுப்பு என்று கையில் வைத்துக்கொண்டு விழிப்பவர்கள் நிறையப் பேர்.

படுக்கை கையில் வந்துவிட்டால் குடில் பற்றிய கவலையே பாதிக்கு மேல் போய்விடும். அந்தி தொடங்கி அரை நிமிடம்போல ஆனதும் படுக்கலாம். அந்த நேரத்தில் வானம் தெளிவாக இருந்தால் திறந்தவெளியில் அரக்கர்கள் பிறக்கத் தொடங்கியிருக்க மாட்டார்கள். படுத்து 5 நொடி, கண் விழித்தால் காலை. சுவரே இல்லாமல் வெட்டவெளியில் படுத்து எழுந்துவிடலாம் என்றால் பாருங்கள். இருந்தாலும் நான் சுற்றி நாலு மண்ணை அடுக்கித்தான் படுப்பேன். மழை, இடி என்று வானம் கறுத்தால் மேலே சொன்ன கணக்கு கொஞ்சம் முன்பின்னாகும். அப்படி அடுக்கும்போது படுக்கையை இறுக்கி அடைத்துவிடக் கூடாது. செத்தால் மறுபடி எழுவது அந்தப் படுக்கையின் பக்கத்தில்தான். அங்கே நிற்க இடமில்லை என்றால் விளையாட்டு உங்களை உலகத்தின் தொடக்க இடத்துக்கே தூக்கிப் போட்டுவிடும். பக்கத்தில் இரண்டு பிளாக் உயரத்துக்கு இடம் விடுங்கள்.

படுக்கைக்கு ஒரு முரண்டும் உண்டு. கிடைமட்டமாக 8 பிளாக், மேல்கீழாக 5 பிளாக் எல்லைக்குள் ஓர் அரக்கன் இருந்தாலும் படுக்க விடாது. அவன் உங்களைப் பார்க்கவே வேண்டியதில்லை. காலடியில் உள்ள குகையில் ஒரு ஜோம்பி உலாத்திக்கொண்டிருந்தாலே போதும்.

ஆடு கிடைக்கவில்லை, அல்லது தேடியே பாதிப் பகல் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் மண்ணா, மலையா, பலகையா என்ற கேள்விக்கே அர்த்தம் வருகிறது.

மண் குடிசையை எல்லோரும் கேலி செய்வார்கள், ஆனால் அவசரத்துக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஒரு மண் பிளாக்கை வெறுங்கையால் உடைக்க முக்கால் நொடி. புல் மூடியிருந்தால் இன்னும் ஒரு சொட்டு நேரம் கூட. உள்ளே இரண்டுக்கு மூன்று அளவில் அறை, சுவர் இரண்டு பிளாக் உயரம் என்றால், மூலைகளை விட்டுவிட்டுச் சுவருக்கு 20, கூரைக்கு 6. மூலையை அடைக்கத் தேவையில்லை, குறுக்குச் சந்தில் யாரும் நுழைய முடியாது. இங்கே புதியவர்கள் மாட்டிக்கொள்கிற இடம் கூரை. சுவரின் உச்சியில் நின்றபடி கூரைப் பிளாக்கை உள்பக்கமாக வைக்கப் பார்த்தால் அது ஒட்டாது. கூரை சுவரைவிட ஒரு படி மேலே இருப்பதால் இரண்டுக்கும் ஓரம்தான் தொடும், முகம் தொடாது. சுவரின் மேல் எங்கேயாவது ஒரே ஒரு பிளாக்கைக் கூடுதலாக வையுங்கள். அதன் பக்கவாட்டில் ஒட்டி, அங்கிருந்து வரிசையாகக் கூரையை நீட்டிக்கொண்டே போகலாம். மொத்தம் 27 மண். தோண்டி அடுக்கி முடிக்க ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது.

குறை என்னவென்றால், உள்ளே போனபிறகு செய்ய எதுவும் இல்லை. தரையைத் தோண்டலாம், அவ்வளவுதான். சமவெளியில் கட்டியிருந்தால் வெளியே இரவு முழுக்கக் கூட்டம் சேரும். மண் வெடிப்புக்கும் தாங்காது. ஏதோ ஒரு சந்து வழியாகக் கிரீப்பர் உங்களைப் பார்த்துவிட்டால் அந்தப் பக்கச் சுவர் போனதுதான். எண்டர்மேன் என்ற நெட்டை அரக்கன் தூக்கிக்கொண்டு போகிற பொருட்களில் மண்ணும் ஒன்று என்பது பலருக்கும் தெரியாது. புல், மணல், சரளை, களிமண் எல்லாவற்றையும் எடுப்பான். கல்லையும் பலகையையும் தொடமாட்டான். உங்கள் சுவரிலிருந்தே ஒரு பிளாக்கை உருவுவது அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் நடக்கும்.

தலைக்கு மேல் மண்ணை வைத்துக் குழிக்குள் பதுங்குவது இதைவிட வேகம். மூன்று பிளாக் ஆழம் தோண்டி, இறங்கி, மேலே ஒன்றை மூடினால் முடிந்தது. சூரியன் இறங்கிவிட்டது, கையில் ஒன்றுமே இல்லை என்றால் இதைச் செய்யுங்கள். வேறு எந்தச் சூழலிலும் வேண்டாம். விடிந்ததா என்று பார்க்கத் தலைக்கு மேலே திறக்க வேண்டும், திறந்தால் மேலே நிற்பவன் உள்ளேயே விழுவான். மண் தூண் கட்டி உச்சியில் நிற்பதும் ஒரு யோசனையாக உலவுகிறது. ஜோம்பி எட்டாது என்பது உண்மைதான். சிலந்தி ஏறும், எலும்புக்கூடு அம்பு விடும், ஒரு அடி வாங்கித் தடுமாறினால் கீழேதான்.

இனி மலைப் பொந்து. ஆடு இல்லாத முதல் நாளில் என் ஓட்டு இதற்குத்தான். காரணம், இது ஒன்றில்தான் இரவு வீணாகாது.

இதற்கு முன்தேவை மூன்றே மூன்று மரக்கட்டை. ஒன்றுக்கு நான்கு வீதம் 12 பலகை கிடைக்கும். நான்கு பலகை பொருள் செய்கிற மேசையான கிராஃப்டிங் டேபிளுக்கு, இரண்டு பலகையில் நான்கு குச்சி, மூன்று பலகையும் இரண்டு குச்சியும் கல் வெட்டுகிற மரப் பிக்காக்ஸுக்கு. மிச்சம் இருப்பது மூன்று பலகை, இரண்டு குச்சி. அந்த மூன்று பலகை பின்னால் படுக்கைக்கு ஆகும், இரண்டு குச்சி கல் பிக்காக்ஸுக்கு ஆகும். யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டு வைத்தது போலக் கச்சிதம். வெறுங்கையால் ஒரு கட்டையை வெட்ட 3 நொடிதான். கரிக்கும் விறகுக்கும் சேர்த்து இன்னும் நாலைந்து கட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

கல் வெளியே தெரிகிற சரிவாகப் பார்த்து, முடிந்தால் கிழக்குப் பார்த்த பக்கத்தில் குடையுங்கள். சூரியன் எப்போதும் கிழக்கேதான் உதிக்கும், வாசலில் சின்னதாகத் திறந்தாலே விடிந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். இரண்டு பிளாக் உயரத்தில் நான்கு பிளாக் ஆழம் உள்ளே போனால் கையில் எட்டுக் கல். மரப் பிக்காக்ஸால் ஒரு கல்லுக்கு ஒரு நொடிக்குச் சற்று மேல். எட்டுக் கல் என்பது ஓர் உலைக்கு வேண்டிய அளவு. வாசலை வெட்டியதிலேயே உலை வந்துவிட்டது. இன்னும் மூன்று கல்லில் கல் பிக்காக்ஸ். அதன் பிறகு வெட்டுகிற வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

வாசலை அடைக்கக் கல் கையில் இருந்தாலும் மண்ணாலேயே அடையுங்கள். சாம்பல் சுவருக்கு நடுவே பழுப்பாக இரண்டு பிளாக் தெரிந்தால் வெளியே போகும் வழி எது என்று தேட வேண்டாம், கையால் தட்டினாலே உடையும். உள்ளே பக்கவாட்டில் திரும்பி அறையை அகலப்படுத்துங்கள். உலையில் மரக்கட்டையைப் போட்டு, பலகையை விறகாக வைத்தால் 10 நொடியில் ஒரு கரி. ஒரு கரி, ஒரு குச்சிக்கு நான்கு டார்ச். நிலக்கரி கண்ணில் படாத மலையிலும் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. அப்புறம் படிக்கட்டு போலச் சரிவாகக் கீழே வெட்டிக்கொண்டு போகலாம். நேராகக் காலுக்குக் கீழே தோண்டுகிற வேலை மட்டும் வேண்டாம், அடியில் குகையோ எரிமலைக் குழம்போ இருந்தால் தெரியவே தெரியாது. விடிவதற்குள் கை நிறையக் கல், கல் ஆயுதங்கள், அதிர்ஷ்டம் இருந்தால் இரும்புத் தாதுவும் சேர்ந்திருக்கும். மண் குடிசைக்காரர் அப்போதும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

காலையில் வெளியே வருவதற்கும் ஒரு முறை உண்டு. மேல் மண்ணை மட்டும் முதலில் உடையுங்கள். ஜோம்பியும் எலும்புக்கூடும் வெயில் பட்டால் எரிந்துபோகும். கிரீப்பர் எரியாது, பகலெல்லாம் வாசலிலேயே நிற்கும். பச்சை முகம் தெரிந்தால் உடனே மண்ணைத் திருப்பி வையுங்கள். அது சீறத் தொடங்கி வெடிக்க ஒன்றரை நொடி ஆகும், பார்வை மறைந்தால் சீற்றம் அடங்கிவிடும். சற்றுப் பொறுத்து மறுபடி பாருங்கள், இல்லையென்றால் பக்கவாட்டில் வேறு வாசல் வெட்டிக்கொள்ளுங்கள். மலைக்குள் இருப்பவருக்கு வாசலுக்கா பஞ்சம்!

பொந்தின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வெட்டிக்கொண்டே போகும்போது திடீரென்று குகை திறக்கும். இருட்டுக்குள்ளிருந்து முனகல் கேட்டால் அந்தத் திசையை விட்டுவிடுங்கள், திறந்துவிட்டால் யோசிக்காமல் அடையுங்கள். மறுநாள் ஆடு கிடைத்துப் படுக்கையோடு திரும்பினாலும் கீழே குகை இருந்தால், முன்னே சொன்ன எட்டு–ஐந்து கணக்கில் படுக்கை முரண்டு பிடிக்கும். இன்னொரு தலைவலி, பொந்தைக் கண்டுபிடிப்பது. தூரத்திலிருந்து எல்லா மலையும் ஒரே மாதிரி. ஜாவாவில் எஃப் 3 விசையை அழுத்தி ஆயத்தொலைவு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மொபைல், கன்சோல்களில் ஓடுகிற பெட்ராக் பதிப்பில் அமைப்புகளில் அதைக் காட்டச் சொல்லலாம். வாசலுக்கு மேலே நாலைந்து மண்ணைத் தூணாக அடுக்கி உச்சியில் ஒரு டார்ச் வைத்தாலும் சரி.

பலகை வீட்டில்தான் எல்லோருக்கும் ஆசை. தப்பில்லை, ஆனால் கணக்கைப் பாருங்கள். உள்ளே ஐந்துக்கு ஐந்து, சுவர் மூன்று உயரம் என்று வைத்தால் சுவருக்கு 72, கூரைக்கு 49, ஆக 121 பலகை. அதற்கு 31 மரக்கட்டை. ஓக் மரம் ஒன்றில் நாலிலிருந்து ஆறு கட்டைதான் இருக்கும் என்பதால் ஆறேழு மரம் விழ வேண்டும். முடியாத வேலை இல்லை. ஆனால் வெட்டி, அடுக்கி, கதவு வைத்து நிமிரும்போது பகல் முடிந்திருக்கும், உணவும் கல்லும் படுக்கையும் இருக்காது. பலகை மண்ணைவிட வெடிப்பை நன்றாகத் தாங்கும், கல்லைவிடக் குறைவு. தீயும் பிடிக்கும்: பக்கத்தில் எரிமலைக் குழம்பு இருந்தால் அங்கே வீடு கட்டவே கட்டாதீர்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. முதல் நாளில் உலகத்தில் நீங்கள் பார்த்தது ஒரு மூலையைத்தான். மறுநாள் நடந்து போனால் ஆற்றோரத்தில் இதைவிட நல்ல இடம் கண்ணில் படும், கட்டியதை விட்டுவரவும் மனம் வராது. வீட்டை மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கட்டுங்கள். ஓக் கதவு ஒன்றை மட்டும் முன்பே செய்து வைத்துக்கொள்ளலாம். ஆறு பலகைக்கு மூன்று கதவு கிடைக்கும், அதிலுள்ள துளை வழியாக வெளியே யார் நிற்கிறார்கள் என்று தெரியும், பொந்து வாசலுக்கும் பொருந்தும்.

பக்கத்தில் கிராமம் தெரிந்தால் மேலே சொன்ன எல்லாவற்றையும் ஓரம் கட்டலாம். ஆளில்லாத வீட்டில் படுக்கை இருக்கும், கதவு இருக்கும், பல கிராமங்களில் இரும்பு கோலம் என்ற இரும்பு உருவம் காவல் சுற்றும். வைக்கோல் கட்டு ஒன்றில் ஒன்பது கோதுமை, அதில் மூன்று ரொட்டி. ஆனால் கிராமத்தைத் தேடி அலையாதீர்கள். கண்ணில் பட்டால் போங்கள், படாவிட்டால் விட்டுவிடுங்கள். இரவில் ஜோம்பிகள் கிராமத்தாரைத் தேடி வரும் என்பதால் சத்தமும் கூட்டமும் இருக்கும். அந்தியிலேயே கதவைச் சாத்திப் படுத்துவிடுவது நல்லது.

பாலைவனத்தில் விழித்தால் நிலைமை வேறு. மரம் இல்லை, மலை இருந்தாலும் மணல். மணல் பிளாக் கீழே தாங்க எதுவும் இல்லாவிட்டால் விழும்; மணலில் கூரை போட முடியாது, மணல் குழிக்குள் பக்கவாட்டில் வெட்டினால் மேலிருந்து சரிந்து தலையை மூடி உயிரை எடுக்கும். அங்கே உலவுகிற ஹஸ்க் என்ற ஜோம்பி வகை வெயிலில் எரிவதும் இல்லை. அப்படியொரு இடத்தில் குடில் கட்ட யோசிப்பதைவிட, முழுப் பகலையும் ஒரே திசையில் ஓடி வெளியேறச் செலவழிப்பது மேல்.

இந்தக் கணக்கெல்லாம் மைன்கிராஃப்டுக்கு மட்டும்தான், வேறு விளையாட்டுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 2021இல் வெளிவந்த வால்ஹைமில் அடைத்த அறைக்குள் தீ மூட்டினால் புகை நிரம்பி உயிர் போகும், கூரையில் புகைபோக்கி விட்டே ஆக வேண்டும். டோன்ட் ஸ்டார்வில் இருட்டே ஆளைக் கொல்லும். சுவரைவிட விறகுதான் முக்கியம்.

கூட்டாளிகளோடு ஆடுகிறீர்கள் என்றால் படுக்கைக் கணக்கும் மாறும். வழக்கமான அமைப்பில் உலகில் இருக்கிற அத்தனை பேரும் படுத்தால்தான் இரவு கடக்கும். மூன்று பேருக்கு மூன்று படுக்கை, அதற்கு ஒன்பது கம்பளி. முதல் பகலுக்குள் சேர்வது கஷ்டம். 1.17 பதிப்பிலிருந்து எத்தனை சதவீதம் பேர் படுத்தால் போதும் என்று மாற்றிக்கொள்ள ஒரு விதி இருக்கிறது, சர்வர் நடத்துபவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் மாற்ற மறுத்தால் முதல் இரவை எல்லோரும் ஒரே பொந்தில் கழிப்பதுதான் லாபம்: ஒருவர் உலையைப் பார்த்துக்கொள்ளலாம், இரண்டு பேர் வெட்டலாம். அதற்காக ஆடு தேடுவதை ஒரேயடியாக மறந்துவிட வேண்டாம். மூன்று நாள் யாராவது தூங்காமல் ஓட்டினால் அவர் தலைக்கு மேலே ஃபேண்டம்கள் என்ற பறக்கும் அரக்கர்கள் வட்டமிடத் தொடங்கும், அவை பாய்ந்து வரும்போது பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் வேலைதான்.